புது நிலையில் ஒரு யாளி: சிறு சிற்பம் செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம், வீட்டுக் கராஜில் யாளி செய்து விற்கிறேன். 14 சென்டிமீட்டர் உயரம், ரெசின் (அச்சில் ஊற்றினால் உறைந்து கெட்டியாகும் பிளாஸ்டிக்) வார்ப்பு, கையால் பூசிய வண்ணம். முதலில் உட்கார்ந்த யாளி ஒன்றுதான் இருந்தது. அதை வாங்கியவர்களே திரும்பி வந்து, "வேற போஸ்ல இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். காலை நிமிர்த்தித் தலையைத் திருப்பினால் புது போஸ் ஆகிவிடும் என்று நினைத்தேன். நான்கு மாதமும் ஆறாயிரம் ராண்டும் போனபிறகு என்னிடம் மிஞ்சியது மேசையில் நிற்காத ஒரு யாளியும் கிழிந்துபோன இரண்டு அச்சுகளும்தான்.

நீங்கள் செய்வது யாளியாக இருக்கலாம், டிராகனாக இருக்கலாம், இருதலைப் பறவையான கண்டபேரண்டமாக இருக்கலாம். வரிசை ஒன்றுதான். நான் தலைகீழாகச் செய்ததை இங்கே நேராக்கி எழுதுகிறேன்.

1. உருவம் யாருடையது என்று முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

யாளி யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் இன்னொருவர் செய்த ஒரு குறிப்பிட்ட யாளி அவருக்குச் சொந்தம். சினிமாவில் வந்த டிராகனுக்கு நீங்கள் புது போஸ் கொடுத்தாலும் அது உங்களுடையது ஆகாது. கோயில் தூணைப் பார்த்து வரைவது வேறு, வேறொருவர் விற்கும் ரெசின் பொம்மையின் படத்தைப் பார்த்துக் காலை மட்டும் மாற்றுவது வேறு.

தென்னாப்பிரிக்காவில் சிற்பத்துக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) தானாகவே வரும். 1978ஆம் ஆண்டின் 98ஆம் எண் சட்டப்படி எங்கும் பதிய வேண்டாம், கட்டணமும் கிடையாது. ஆனால் தகராறு வந்தால் 'நான்தான் முதலில் செய்தேன்' என்று காட்ட ஏதாவது வேண்டும். அதற்காக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்கெட்ச்சின் கீழும் தேதி. கம்பிக்கூடு, களிமண், வேக வைத்தது என்று ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு பக்கமும் போட்டோ.

தோற்ற வடிவமைப்பைப் பதிவு செய்ய 1993ஆம் ஆண்டின் 195ஆம் எண் சட்டம் தனியாக இருக்கிறது. அதில் 15 ஆண்டு வரை பாதுகாப்பு உண்டு. பொறி இதுதான்: பொருளை வெளியே காட்டிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். படத்தை ஆர்வத்தில் போட்டுவிட்டு ஒரு வருடம் கழித்து யோசித்தால் வழியில்லை. முப்பது நாற்பது வார்ப்பு விற்கும் நமக்கு இது தேவையே இல்லை என்பது என் எண்ணம். ஆயிரக்கணக்கில் அச்சடிக்கப் போகிறவர்கள் மட்டும் பாருங்கள்.

இன்னொருவரின் வரிசைக்குப் புது போஸ் செய்து கொடுக்கிறீர்களா? அப்படியானால் எழுத்தில் வாங்காமல் களிமண்ணைத் தொடாதீர்கள். ஒரு கடைக்காரர் வாய்மொழியாகக் கேட்டார். நானும் வாய்மொழியாகச் சரி என்றேன். மூலச் சிற்பம், அதாவது அச்சு எடுக்கும் முதல் உருவம், அவரிடம் போனபின், எத்தனை பிரதி எடுக்கலாம் என்பதில் எங்கள் இருவர் நினைவும் ஒத்துப்போகவில்லை. இங்கே சட்டப்படி, சொல்லிச் செய்யவைத்த சிற்பமும் செய்தவருக்கே சொந்தம். உரிமையை மாற்றிக் கொடுக்க வேண்டுமென்றால் எழுதிக் கையெழுத்திட்ட தாள் வேண்டும். வேலைக்காரராகச் சம்பளத்துக்குச் செய்தால் கதை வேறு, அப்போது உரிமை முதலாளிக்கு. ஆனால் சட்டம் பேசித் தீர்த்துக்கொள்ளும் அளவுக்கு இந்தத் தொழிலில் பணம் இல்லை. ஒரு பக்கம் எழுதுங்கள்: எத்தனை பிரதி, எந்த உயரம், எத்தனை முறை திருத்தம், முன்பணம் பாதி, கூரியர் செலவு யாருடையது. திருத்தத்தை இரண்டு முறை என்று கட்டிப்போடுங்கள். இல்லையென்றால் வாலை மட்டும் ஏழு தடவை மாற்றுவீர்கள்.

2. போஸ் வேண்டாம், ஒரு செயலைத் தேடுங்கள்

'சீறும் யாளி', 'கம்பீர யாளி' என்று ஆரம்பித்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் வரும். யாளி என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேளுங்கள். காதைச் சொறிகிறது. குட்டியைக் கவ்விக்கொண்டு படி இறங்குகிறது. தூக்கத்திலிருந்து எழுந்து முதுகை நீட்டுகிறது. செயல் கிடைத்துவிட்டால் எடை எந்தக் காலில், கழுத்து எந்தப் பக்கம் என்பதெல்லாம் தானாக வரும்.

எனக்குச் சொல்லிக் கொடுத்தது எங்கள் வீட்டுப் பக்கம் வரும் குரங்கு. டர்பனில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம், சன்னல் திறந்திருந்தால் ரொட்டி போய்விடும். ஒரு நாள் பின்சுவரில் மாம்பழத்தோடு உட்கார்ந்திருந்ததைக் கராஜ் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். எடை முழுவதும் இடது புட்டத்தில். வலது கால் சுவர் விளிம்பில் சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. பழத்தைக் கடிக்கும்போது தோள் ஒரு பக்கம் சரிய, வால் பின்னால் நேராகத் தொங்கி அந்தச் சரிவைச் சமன் செய்தது. நாய் குரைத்ததும் தலை மட்டும் தோளுக்கு மேலே திரும்பியது, உடல் அசையவில்லை. அந்த மூன்று வினாடிதான் இன்று அதிகம் விற்கும் என் யாளி.

சிற்பிகள் இதற்கு ஏற்கெனவே பெயர் வைத்திருக்கிறார்கள். எடை இரண்டு காலிலும் சமமாக இருந்தால் சமபங்கம், லேசாக ஒரு பக்கம் சாய்ந்தால் ஆபங்கம், தலை, இடை, கால் என மூன்று வளைவு இருந்தால் திரிபங்கம், முறுக்கிப் பாய்ந்தால் அதிபங்கம். இவை மனித, தெய்வ உருவங்களுக்குச் சொன்னவை. இருந்தாலும் நாலுகால் உருவத்தின் முதுகெலும்பையும் அப்படியே பார்க்கலாம். புதியவர்கள் எல்லோரும் நேரே அதிபங்கத்துக்குப் பாய்கிறார்கள். நானும் அப்படித்தான் பாய்ந்தேன். அலமாரியில் வருடக்கணக்கில் பார்க்கப் போகிற பொருளுக்கு ஆபங்கமே போதும், கண் களைக்காது.

விலங்கைப் பார்க்க மார்னிங்சைடில் மிட்செல் பார்க் இருக்கிறது. சிறிய இடம்தான், போனால் அரை நாள் உட்காருங்கள். சிங்கமும் யானையும் வேண்டுமென்றால் ஷ்லுஷ்லுவே–இம்ஃபலோசி சரணாலயம். காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். போட்டோ மட்டும் எடுக்காதீர்கள், போனில் மெதுவோட்ட வீடியோ எடுங்கள். கால் தரையில் பதியும் கணமும் தூக்கும் கணமும் போட்டோவில் சிக்காது.

கலப்பு உருவத்தில் ஒரு பொறி உண்டு. யானையின் பின்காலில் முழங்கால் நம்முடையது போல முன்னோக்கி மடங்குவது வெளியே தெரியும். சிங்கத்துக்கும் குதிரைக்கும் வெளியே தெரிவது குதிகால் மூட்டு, அது பின்னோக்கி மடிந்தாற்போல் இருக்கும். யானைத் தலை வைத்த யாளிக்குப் பின்கால் எந்த விலங்கினுடையது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். யானையால் குதிக்க முடியாது. பாய்ச்சல் போஸில் யானைக் காலை வைத்தேன். பார்த்தவர்கள் என்ன தவறு என்று சொல்லத் தெரியாமலேயே கீழே வைத்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் முப்பது குட்டி ஸ்கெட்ச் போடுங்கள். உள்ளே கோடே வேண்டாம், முழுக்கக் கறுப்பாக நிரப்புங்கள். அந்த நிழலை மட்டும் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளை அது என்ன செய்கிறது என்று சொல்லிவிட்டால் அந்த ஸ்கெட்ச் தேறும். என் முப்பதில் நான்கு தேறின.

சேகரிப்பவர்கள் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில்தான் வைப்பார்கள். அதனால் கண்ணின் அளவு, செதிலின் அளவு, பீடத்தின் உயரம் மூன்றும் பழையதோடு ஒத்துப் போகவேண்டும். பார்வை மட்டும் மாறட்டும். என் முதல் யாளி இடது பக்கம் பார்க்கும், இரண்டாவது வலது பக்கம். இரண்டையும் சேர்த்து வைத்தால் பேசிக்கொள்வது போல இருக்கும். ஒன்று வைத்திருப்பவர் இன்னொன்று வாங்க அதுவே காரணமாகிவிடுகிறது.

3. கம்பியிலேயே எடையைப் பாருங்கள்

என் நான்கு மாதத்தைத் தின்றது இந்த இடம்தான். தூணில் பார்த்தது போல முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் யாளி செய்தேன். களிமண்ணில் அழகாக இருந்தது, பீடத்தில் ஒட்டியிருந்ததால் நின்றது. வார்த்து எடுத்ததும் முகம் குப்புற விழுந்தது. பீடத்தைப் பெரிதாக்கினேன். நின்றது, ஆனால் இரண்டு வாரத்தில் பின்கால்கள் மெல்ல வளைந்து மறுபடி சாய்ந்தது. பிப்ரவரி வெயிலில் ரெசின் இளகும். மெல்லிய காலில் மொத்த எடையும் இறங்கினால் வளையத்தான் செய்யும்.

அந்தச் சமயத்தில் எங்கள் பகுதிக் கோயிலில் திருப்பணிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு ஸ்தபதியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுதை பூசும் சட்டியின் பக்கத்தில் கிடந்த நூலை எடுத்து, ஒரு நட்டைக் கட்டி, யாளியின் மார்புக்கு நேராகத் தொங்கவிட்டார். நட்டு பீடத்தின் விளிம்புக்கு வெளியே ஆடியது.

"தம்பி, இது நிக்கல. விழுந்துக்கிட்டு இருக்கு."

"கோயில்ல இப்படித்தானே ஐயா நிக்குது?"

"கோயில்ல தூண் தாங்குது. உங்க யாளிய எது தாங்குது?"

தூணும் யாளியும் ஒரே கல் என்பது எனக்குத் தெரியாததல்ல. அதை யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே, செய்யவேண்டியது இது. அலுமினியக் கம்பியில் கூடு கட்டுங்கள். உடலுக்கு 3 மில்லிமீட்டர், காலுக்கு 2. தலை, மார்பு, இடுப்பு இருக்கும் இடங்களில் இறுதி உருவத்தின் விகிதத்துக்கு ஏற்பக் களிமண் உருண்டை வையுங்கள். கொம்பில் நூல் கட்டித் தொங்கவிட்டு, நூல் நேர்கோடாக எங்கே இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வாலில் கட்டித் தொங்கவிட்டு அதேபோலக் குறியுங்கள். இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் எடையின் மையம். இப்போது உருவத்தை நிற்கவைத்து அந்த இடத்திலிருந்து நூல்குண்டு விடுங்கள். அது பாதங்களுக்கு நடுவே விழவேண்டும். விளிம்பில் விழுந்தாலும் போதாது, அலமாரிக் கதவைச் சாத்தும் அதிர்வுக்கே சாயும்.

வெளியே விழுந்தால் வழி மூன்று. இடுப்பைப் பின்னுக்குத் தள்ளுவது ஒன்று. வாலைத் தரையில் ஊன்றி மூன்றாவது காலாக்குவது இன்னொன்று. அல்லது தூண் சிற்பங்களில் போலவே யாளியின் காலடியில் ஒரு யானையையோ மகரத்தையோ வைப்பது. நான் வாலை ஊன்றினேன். பார்ப்பதற்கும் அதுவே மேல், ஊன்றிய வாலில் ஒரு திமிர் இருக்கிறது. மெல்லிய காலுக்குள் 2 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியை அச்சிலேயே வைத்து வார்ப்பது அதற்குமேல் ஒரு காப்பு.

4. அச்சு எப்படிப் பிரியும் என்று ஸ்கெட்ச்சிலேயே வரையுங்கள்

போஸ் முடிந்தபின் அச்சைப் பற்றி யோசிப்பது, சேலையை வெட்டியபின் அளவெடுப்பது போல. ஸ்கெட்ச்சின் மேல் சிவப்பு பேனாவால் இரண்டு பாதி அச்சும் சேரும் கோட்டை ஓட்டுங்கள். அது முதுகு, வால், கால்களின் பக்கவாட்டு வழியாகச் சீராகப் போனால் நல்லது. முகத்துக்கு நடுவே போனால், ஒவ்வொரு வார்ப்பிலும் மூக்கில் தழும்பைத் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள்.

பிறகு ஓட்டைகளைத் தேடுங்கள். தும்பிக்கை மார்பைத் தொட்டால் ஓர் ஓட்டை. வால் இடுப்பைச் சுற்றி வந்தால் இன்னொன்று. அச்சு ரப்பர் போன்ற சிலிக்கோனில் செய்வது; அந்த ஓட்டைக்குள் போகும் சிலிக்கோன் நாக்குதான் முதலில் கிழியும். என் இரண்டு அச்சும் கிழிந்தது தும்பிக்கை இடுக்கில்தான். ஒன்று, தொடும் இடத்தை முழுதாக ஒட்டி நிரப்பிவிடுங்கள். இல்லை, அந்த உறுப்பைத் தனித் துண்டாக வார்த்து ஒட்டுங்கள். தனித் துண்டு என்றால் இணையும் இடம் பிடரி மயிர், கழுத்து மாலை மாதிரி மறைவான இடத்தில் வரட்டும். மாலை எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

மேல்நோக்கி முடியும் எல்லாவற்றிலும் காற்று சிக்கும். கொம்பு நுனி, தூக்கிய நகம், காது. அச்சைத் தலைகீழாக வைத்து, பீடத்தின் வழியாக ஊற்றினால் பாதி பிரச்சினை தீரும். அப்போதும் தூக்கிய பாதம் தலைகீழில் மேலே வந்து காற்றைப் பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து ஒரு காற்றுக்குழாய். எத்தனை குழாய் வேண்டும் என்று ஸ்கெட்ச்சில் எண்ணுங்கள். நான்குக்கு மேல் போனால் போஸை மாற்றுங்கள். ஒவ்வொரு குழாயும் பின்னால் அறுத்துத் தேய்க்க வேண்டிய ஒரு புண்.

5. மூலச் சிற்பம்

கம்பிக்கூட்டின் மேல் அலுமினியத் தாளை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் பாலிமர் களிமண் (அடுப்பில் வேகவைத்தால் கெட்டியாகும் வகை). கட்டியாக அப்பினால் உள்ளே வேகாது, மேலே விரிசல் விடும். நான் பயன்படுத்தும் சூப்பர் ஸ்கல்பிக்கு 130 டிகிரி செல்சியஸ், ஒவ்வொரு 6 மில்லிமீட்டர் தடிமனுக்கும் 15 நிமிடம். அடுப்பின் திருகை நம்பாதீர்கள். தனி வெப்பமானி வாங்கி உள்ளே வையுங்கள். என் அடுப்பு 25 டிகிரி பொய் சொன்னது. பாதியில் மின்வெட்டு வந்தால் பதறவேண்டாம், திரும்ப வேகவைக்கலாம், ஒன்றும் ஆகாது.

கந்தகம் கலந்த மாடலிங் களிமண்ணில் மூலம் செய்துவிட்டுப் பிளாட்டினம் வகைச் சிலிக்கோனை ஊற்றினால் தொடும் பரப்பு முழுக்க உறையாமல் பிசுபிசுவென்று நிற்கும். லேடெக்ஸ் கையுறை தொட்டாலும் அப்படித்தான். தொடக்கத்தில் டின் வகைச் சிலிக்கோனே வாங்குங்கள், விலையும் குறைவு. வருடங்கள் போனால் சுருங்கும். முப்பது வார்ப்புக்கு அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

6. அச்சும் வார்ப்பும்

எவ்வளவு சிலிக்கோன் வேண்டும் என்பதற்கு அரிசிக் கணக்குப் போதும். பெட்டிக்குள் மூலத்தை வைத்து அரிசியால் நிரப்பி, அந்த அரிசியை அளவுக் குவளையில் கொட்டுங்கள். ஒரு லிட்டர் வந்தால் ஏறக்குறைய 1.15 கிலோ சிலிக்கோன், சிந்துவதற்குப் பத்து விழுக்காடு சேர்த்து ஏறக்குறைய 1.27 கிலோ. ஒரு பாதி உறைய ஓர் இரவு, மறு பாதிக்கு இன்னோர் இரவு. நடுவில் பிரிப்பான் (ஒட்டாமல் தடுக்கும் பூச்சு) பூச மறந்தால் இரண்டு பாதியும் ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். செய்திருக்கிறேன்.

டர்பன்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பாலியூரித்தேன் ரெசின் ஈரத்தைக் கண்டால் நுரைக்கும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை இங்கே காற்றே தண்ணீர். திறந்த புட்டி இரண்டு வாரத்தில் இட்லி மாவு போலப் பொங்கியது. சிறிய கிட் வாங்குங்கள், திறந்ததும் சீக்கிரம் முடியுங்கள், கலக்கும் குச்சியும் கோப்பையும் காய்ந்திருக்கட்டும். மொத்தமாக வார்ப்பதை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி குறையும்.

கராஜ் கதவைத் திறந்து வைத்து, ரசாயன ஆவிக்கான வடிகட்டி போட்ட முகமூடி அணிந்துதான் ஊற்ற வேண்டும். துணி மாஸ்க் எதற்கும் உதவாது. தேய்ப்பதைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், தூள் நுரையீரலுக்குள் போகக் கூடாது.

7. செலவும் நாளும்

2024 கடைசியில் ஒரு புது போஸுக்கு எனக்கு ஆனது: களிமண் 450 ராண்ட், கம்பியும் தாளும் 150, சிலிக்கோன் 450, இரண்டு கிலோ ரெசின் 500, வண்ணமும் உப்புத்தாளும் 250. மொத்தம் 1,800. முதல்முறை என்றால் முகமூடி, தராசு, வெப்பமானி என்று இன்னொரு 1,200 வைத்துக்கொள்ளுங்கள். களிமண்ணை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பார்சல் விலையோடு 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியும் (VAT) சேரும். வெளிநாட்டுக் கடைக்காரர் சொல்லும் விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

என் யாளிக்கு ஒரு வார்ப்பு ஏறக்குறைய 190 கிராம். இரண்டு கிலோவில் பத்து வரும், அதில் முதல் இரண்டு குப்பை. அச்சு முப்பது, முப்பத்தைந்து வார்ப்பு தாங்கும். அதனால் அச்சின் விலையை முப்பதால் வகுத்து ஒவ்வொன்றின் விலையிலும் ஏற்றுங்கள். பலர் இதை விட்டுவிட்டு, இரண்டாவது அச்சுக்குக் காசில்லாமல் நிற்கிறார்கள்.

மாலை நேரமும் சனிக்கிழமையும் மட்டும் வேலை செய்தால் ஸ்கெட்ச்சுக்கு இரண்டு வாரம், கம்பிக்கு ஒன்று, களிமண்ணுக்கு மூன்று, அச்சுக்கு ஒன்று, சோதனை வார்ப்புக்கும் திருத்தத்துக்கும் இரண்டு. ஒன்பது வாரம். தைப்பூசத்துக்கு விற்கவேண்டும் என்றால் தீபாவளிக்குள் ஸ்கெட்ச் முடிந்திருக்க வேண்டும்.

8. விற்கும்போது

தனிநபராக விற்கக் கம்பெனி பதிய வேண்டாம். வருமானத்தை மட்டும் வரித்துறையான சார்ஸிடம் (SARS) காட்டியே ஆகவேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டு பக்கத்தில் செய்தாலும், தொழிலாகச் செய்தால் முன்கூட்டி வரி கட்டுவோர் கணக்கில் வருவீர்கள். ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் கணக்குத் தரவேண்டும். வாங்கிய ஒவ்வொரு புட்டிக்கும் ரசீது வையுங்கள். கடைகளுக்குக் கொடுத்தால் வரி எண்ணும் வங்கி உறுதிக் கடிதமும் கேட்பார்கள். இரண்டையும் போனில் வைத்திருங்கள்.

கோயில் திருவிழாவில் கடை போட நிர்வாகத்திடம் முன்பே அனுமதி கேட்க வேண்டும், ஈஸ்டர் நேரத்து மாரியம்மன் விழாக்களுக்கு மாதக்கணக்கில் முன்பே. யாளியைச் சாமியறையில் வைக்கலாமா என்று அக்காமார் கேட்பார்கள். வாசலில் வைக்கலாம், அதன் வேலை காவல்தானே என்பேன். இரண்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

கூரியரில் அனுப்பும்போது கொம்பும் வால் நுனியும் பெட்டியைத் தொடக் கூடாது. பஞ்சு மெத்தையில் உருவத்தின் வடிவத்துக்கே வெட்டிப் பதியுங்கள். வெளியூர் ஆர்டரை ஏற்குமுன் ஒரு வார்ப்பை அப்படியே கட்டி இடுப்பு உயரத்திலிருந்து ஆறு பக்கமும் விழும்படி போடுங்கள். முன்பணம் வாங்குவது அதற்கப்புறம். அதுவும் குறையில்லாத மூன்று வார்ப்பு வரிசையாக அச்சிலிருந்து வெளிவந்த பின்தான்.